இடது காதின் தீர்ப்பு

கண்ணைத் திறக்கக்கூடாது என்று முடிவு செய்துதான் படுத்தேன். திறந்துவிட்டேன். மூக்குக்கு நாலு விரல் தூரத்தில் வெள்ளைக் கூரை, அதற்கும் முன்னால் முகத்தின் மேல் கவிழ்த்த பிளாஸ்டிக் கூண்டு, தலைக்கு இரண்டு பக்கமும் திண்டு வைத்து இறுக்கியிருக்கிறார்கள், காதுக்குள் நுரை அடைப்பான், அதன் மேல் ஒரு ஹெட்போன். கார்வேந்தன், வயசு முப்பத்து மூணு, இடது காது என்று அந்த டெக்னீஷியன் அம்மாள் உரக்கப் படித்துச் சரிபார்த்தபோது பார்சலுக்கு விலாசம் எழுதுவது மாதிரிதான் இருந்தது. மோதிரம், செயின், பெல்ட், போன் எல்லாம் வெளியே என் கூட்டாளி ஷஃபியிடம். மூன்று மணிக்கு வரச்சொல்லிவிட்டு நாலு முப்பத்தைந்துக்கு இந்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் குழாய்க்குள் தள்ளினார்கள். "நாப்பது நிமிசமுங்க சார். ஆடவே கூடாது. தலை துளி அசைஞ்சாலும் படம் கலங்கிரும். ரொம்ப முடியலைன்னா கையில இருக்கற பந்தை அமுக்குங்க, வந்துருவேன். ஆனா வெளிய வந்துட்டீங்கன்னா மறுபடி மொதல்ல இருந்துதான், பாத்துக்குங்க." ஊரையெல்லாம் ஆட வைத்துச் சாப்பிடுகிறவனிடம் ஆடாதே என்கிறாள். பந்து என் வலது கையில் இருக்கிறது, ரப்பர், உள்ளங்கை வியர்த்து வழுக்குகிறது, இப்போது அமுக்கினால் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்று சிரிப்பார்கள். வெளியே சிரிக்கட்டும், எனக்கென்ன, இல்லை, அமுக்கக்கூடாது. மூச்சை மெதுவாக விடு. கூரையைப் பார்க்காதே. என் புதுப் பாட்டு ஐந்து மணிக்கு வெளியாகும், நான் இங்கே படுத்திருப்பேன், நல்லதுதான், எத்தனை பேர் கேட்டார்கள் என்று நொடிக்கொரு தரம் போனை நோண்டாமல் இருக்கலாம்.

தட தட தட தட. இதோ ஆரம்பித்துவிட்டது. நிமிடத்துக்கு நூற்றிருபது அடி, கடிகாரம் வேண்டாம், இதில் எனக்குச் சந்தேகமே வராது, பன்னிரண்டு வருஷமாக டான்ஸ் மியூசிக்தான் தொழில். நாலு அடி ஒரு சுற்று, சுற்றுக்கு இரண்டு நொடி, முப்பது சுற்று ஒரு நிமிடம். எட்டுச் சுற்றுக்கு ஒரு தரம் ஏதாவது மாறவேண்டும், பதினாறில் பெரிதாக மாறவேண்டும், முப்பத்திரண்டில் எல்லாச் சத்தத்தையும் ஒரு மூச்சு நிறுத்திக் கூட்டத்தைத் தவிக்கவிட்டு, பிறகு மொத்தமாகத் தலையில் கொட்டவேண்டும். இந்த மெஷினுக்கு அந்த நாகரிகமெல்லாம் தெரியவில்லை. முப்பத்திரண்டு முடிந்தது, முப்பத்து மூன்று, முப்பத்து நாலு, ஒன்றும் மாறவில்லை, தட தட தட தட, என்னுடைய பாட்டு ஒன்றுக்குள் என்னையே போட்டுக் கதவைச் சாத்திவிட்ட மாதிரி இருக்கிறது. எட்டெட்டா எண்ணறீங்களே, அது தியரி இல்லாம வேற என்னங்களாம் என்று ஒரு தரம் ஈஸ்வரி கேட்டாள். சௌடேஸ்வரி என்று முழுப்பெயர், என் வயசுதான், கணபதியில் ஒரு ஸ்கூலில் பாட்டு டீச்சர், ஐந்து மணிக்கு வெளியாகிற என் பாட்டுக்குக் குரல் கொடுத்தவள். அதுக்குப் பேரு பழக்கமுங்க, தியரி இல்லை என்றேன். அப்படீங்களா என்று சிரித்தாள். ஒரு காலேஜ் மேடையில் நான் பேசியதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள், தியரி தெரிஞ்சவன் கிளாஸ் எடுக்கறான், தெரியாதவன் ஹிட்டு குடுக்கறான் என்று சொல்லி மைக்கை மேலே தூக்கிப் பிடித்திருந்தேன், கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. அந்த வீடியோவையும் பார்த்திருக்கிறாள். கிளாஸ் எடுக்கறவங்கள்ல நானும் ஒருத்திங்க என்றாள், அதற்கும் சிரித்துக்கொண்டேதான். நான் எதையோ கீழே தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

எனக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாதா. சாஃப்ட்வேரில் ஒரு பொத்தான் உண்டு, அதை அமுக்கிவிட்டால் தப்பான ஸ்வரமே விழாது, மவுஸை எங்கே சொடுக்கினாலும் சரியான கட்டையில் போய் உட்காரும். இருபத்தோரு வயதில் அதை அமுக்கியவன்தான், இன்றுவரை எடுக்கவில்லை. எல்லாப் பாட்டையும் வெள்ளைக் கட்டையிலேயே போட்டுவிட்டு, பாடுகிற ஆளுக்குத் தகுந்தமாதிரி மொத்தமாக ஏற்றுவேன், இறக்குவேன். உங்க பாட்டெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி இருக்குதுங்க என்று அவள் சொன்னதும் உண்மைதான். ஆனால் காது எனக்கு உண்டு. அதைத்தான் நம்பினேன், அதைக் காட்டித்தான் வாய் பேசினேன். கிக் டிரம் துளி பிந்தினாலும் எனக்குத் தெரியும், அடியில் ஓடுகிற பேஸ் எங்கே குழைகிறது என்று ஷஃபிக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். இப்போது அந்தக் காதுக்குத்தான் படம் எடுக்கிறார்கள். எட்டு மாதமாக இடது காதில் கீ என்று ஒரு சத்தம், டிவியை நிறுத்தாமல் விட்டமாதிரி. அப்புறம் பஞ்சு அடைத்த மாதிரி. டாக்டர் ஒரு அறைக்குள் உட்கார வைத்துப் பொத்தானைக் கொடுத்து, மெல்லிய சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார். வலது பக்கம் அமுக்கிக்கொண்டே இருந்தேன். இடது பக்கம் வந்ததும் சும்மா உட்கார்ந்திருந்தேன், இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு. ஆரம்பித்து முடிந்தே போயிருந்தது. நரம்புல சின்னதா ஏதாவது வளந்திருக்கான்னு பாத்துரலாம், பயப்படறதுக்கு ஒண்ணுமில்லை என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன நொடியிலிருந்துதான் எனக்குப் பயம்.

சத்தம் நின்றது. ஹெட்போனில் டெக்னீஷியன் அம்மாள் குரல். "நல்லா இருக்குதுங்க சார், இப்படியே இருங்க. அடுத்தது அஞ்சு நிமிசம்." முதலில் மூன்று, இப்போது ஐந்து. எண்ணிக்கொள். ஊஊஊ என்று ஆரம்பித்தது, இது தட்டுகிற சத்தமில்லை, நீளமாக இழுக்கிற சத்தம், ஒரு சிந்த் கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கிவிட்டு விரலை எடுக்காமல் மறந்துபோன மாதிரி. ஒரு ஸ்வரம் இல்லை, இரண்டு. ஒன்றோடொன்று உரசி நடுவில் வவ்வவ்வவ் என்று ஒரு நடுக்கம். பரவாயில்லையே, நல்ல கனமான சத்தமாக இருக்கிறதே, இதை ரெக்கார்டு பண்ணினால் ஒரு பாட்டுக்கு ஆகும் என்று தொழில்புத்தி ஓடுகிறது, கூண்டுக்குள் கிடக்கும்போதுகூட. மூக்கு அரிக்கிறது. கையைத் தூக்கக்கூடாது. எச்சிலை விழுங்கலாமா, விழுங்கினால் தலை ஆடுமா, கேட்டு வைத்திருக்கலாம். கொஞ்ச நாளாகவே எல்லாச் சத்தமும் எனக்கு இப்படிக் கனமாகத்தான் கேட்கிறது, அதனால்தான் சத்தத்தைக் கனமாக்கச் சிந்த்துக்குப் போடுகிற எஃபெக்டையெல்லாம் எடுத்துவிட்டேன், எதற்கு வீணாக. என்னடா மாப்ள, இப்பெல்லாம் ரொம்ப மெலிசாப் பண்ற என்று ஷஃபி கேட்டான். பாட்டுக்குக் கடைசி மெருகு போடுகிறவன் அவன்தான். உனக்கு என்னடா தெரியும் என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு வேலையைப் பார்த்தான்.

ரெக்கார்டிங் அன்றைக்கும் அதையேதான் சொன்னேனா, உனக்கு என்ன தெரியும் என்று. ஈஸ்வரியிடம் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, ஆனால் அதைத்தான் சொன்னேன். சரவணம்பட்டியில் என் ஃப்ளாட்டின் இரண்டாவது பெட்ரூம்தான் ஸ்டூடியோ. ஷஃபி இருந்தான், வீடியோ எடுக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவள் பாடி முடித்ததும் நான் டிஜே நிற்கிறபடி நின்றேன், ஹெட்போனில் ஒரு பக்கம் மட்டும் இடது காதில், அதில் அவள் குரல் தனியாக. வலது காது வெறுமனே, அதற்கு ஸ்பீக்கரிலிருந்து என் டிராக், குரலில்லாத இசை மட்டும். பார்ட்டியில் பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான், ஓடுகிற பாட்டு வலது காதுக்கு, அடுத்து விடப்போகிற பாட்டு இடது காதுக்கு, இரண்டையும் மண்டைக்குள் சேர்த்துப் பார்த்துத்தான் விடுவோம். வேறு மாதிரி கேட்கவே எனக்கு வராது. "ஈஸ்வரி, சுருதி கொஞ்சம் கீழ நிக்குதுங்க." "எந்த எடத்துலங்க?" "எல்லா எடத்துலயும்." அவள் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். "எல்லா எடத்துலயும்னா எப்படீங்க? ஏதோ ஒரு ஸ்வரம் எறங்கலாம், நான் ஒத்துக்கறேன். மொத்தமும் ஒரே அளவு எறங்கோணும்னா நான் வேற சுருதியில நின்னு பாடியிருக்கோணும். காதுல உங்க டிராக்தானுங்க ஓடுது, அப்படிப் பாட முடியாது. ஸ்கிரீன்ல சுருதி காட்டற மீட்டர் இருக்குதல்லங்க, போட்டுப் பாருங்க." போட்டுப் பார்த்திருக்கலாம். இரண்டு சொடுக்கு. வீடியோக்காரப் பையன்கள் என்னையே பார்த்தார்கள், கேமரா வேறு ஓடிக்கொண்டிருந்தது. "நான் ஸ்கிரீனைப் பாத்து மியூசிக் பண்றவன் இல்லீங்க. காதை வெச்சுப் பண்றவன்." என்ன ஒரு வசனம். அவள் இன்னும் ஆறு தரம் பாடினாள். ஒவ்வொரு தரமும் நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அதற்கடுத்த தரம் பாதியில் குரல் உடைந்தது, ஹெட்போனைக் கழற்றி மேசையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். மறுநாள் மெசேஜ் வந்தது. என் பேரைப் போடாதீங்க, ஸ்கூல் பசங்க கேப்பாங்க, சுருதி சேராத டீச்சர்னு ஆயிரும். நான் குரலை அரைக்கட்டையில் மூன்றில் ஒரு பங்கு மேலே தூக்கினேன், இடது காதுக்கு இதமாக வந்து உட்கார்ந்தது, சரி பண்ணிட்டேன் ஈஸ்வரி, இப்ப சூப்பரா இருக்கு என்று பதில் அனுப்பினேன். பெயரையும் போட்டேன், பெரிய மனசு எனக்கு. இப்போது ஸ்கூலில் கீபோர்டை வாசித்துத்தான் காட்டுகிறாளாம், பாடிக் காட்டுவதில்லையாம். ஒரு மாதமாக இப்படித்தான் என்று ஷஃபி சொன்னான். தொண்டை கட்டியிருக்கும் என்றேன்.

"அடுத்தது நாலு நிமிசமுங்க சார்." மூன்று, ஐந்து, நாலு. இது வேறு சத்தம், இன்னும் மேலே, கீச்சென்று. இதிலும் இரண்டு ஸ்வரம், அதே உரசல். மெஷினில் ஏதோ கோளாறு. முன்னது கீழே இருந்தது, இது எங்கேயோ உச்சியில் நிற்கிறது, ஆனால் இரண்டு ஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மட்டும் அப்படியே இருக்கிறது, அரைக்கட்டை கூட இல்லை, அதில் ஒரு பங்கு. அடுத்து ஆறு நிமிசம் என்றாள். இன்னொரு சத்தம், டர்ர்ர் என்று அடித்தொண்டையில். அதிலும் இரண்டு. அதிலும் அதே இடைவெளி. சத்தம் மாறுகிறது, இடைவெளி மாறவில்லை. மூன்று வேறு வேறு சத்தம் மூன்றும் ஒரே அளவுக்கு இரண்டாகப் பிளக்குமா. எல்லா எடத்துலயும்னா எப்படீங்க. மொத்தமும் ஒரே அளவு எறங்கோணும்னா. எப்படீங்க. வேண்டாம், யோசிக்காதே, சுற்றை எண்ணு, ஒன்று இரண்டு மூன்று நாலு, இல்லை, எண்ணிப் பார்த்ததனால்தான் இது வந்தது. டர்ர்ர் நின்றது. அடுத்தது ஆரம்பிப்பதற்குள் கொஞ்சம் அமைதி கிடைக்கும். வாயை மூடிக்கொண்டு ம் என்று இழுத்தேன். என் ஒற்றைத் தொண்டை, ஒரே ஒரு ம். எனக்கு இரண்டு கேட்டது. வலது பக்கம் ஒரு ம், இடது பக்கம் அதற்குக் கீழே இன்னொரு ம். "சார், ஏதாவது சொன்னீங்களா? பேசாதீங்க, தலை ஆடும்." மெஷினில் கோளாறு இல்லை. ஈஸ்வரி குரலிலும் இல்லை. இடது காது எல்லாவற்றையும் இறக்கிக் கேட்கிறது, நான் அந்தக் காதில் அவளை வைத்து, இந்தக் காதில் டிராக்கை வைத்து, நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். ஏழு தரம். சரியாக இருந்த குரலைத் தூக்கித் தப்பான இடத்தில் வைத்து, கீழே அவள் பெயரை எழுதி, ஐந்து மணிக்கு ஊருக்கே கேட்கவிடப் போகிறேன். காது ஏமாற்றும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் மீட்டர், அதனால்தான் கணக்கு, அதைத்தான் நான் கிளாஸ் எடுக்கிறவர்கள் சமாச்சாரம் என்று கேலி செய்தேன். அவமானமாக இருக்கிறது, கூண்டுக்குள் முகம் கொதிக்கிறது, மூடிக்கொள்ளக் கைகூட இல்லை.

மணி என்ன. நாலு முப்பத்தைந்து, மூன்று, ஐந்து, நாலு, ஆறு, நடுவில் நின்றதெல்லாம் சேர்த்தால் நாலு ஐம்பத்து நாலு, ஐம்பத்தைந்து. முடிய இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல். பாட்டு எங்கள் சேனலில் தானாகவே வெளியாகும்படி வைத்திருக்கிறோம், ஷஃபி போனில் தட்டினால் நிறுத்தலாம், நான் சொன்னால்தானே தட்டுவான். தட தட தட தட, மறுபடி அதே நூற்றிருபது. கால் மணி நேரம்தானே, ஐந்தேகாலுக்கு வெளியே போய் எடுத்துவிடலாம், அதற்குள் என்ன ஆகிவிடும். என்ன ஆகும் என்று தெரியும், சேனலைப் பின்தொடர்கிறவர்கள் பதினோராயிரம் பேர், அதில் அவள் ஸ்கூல் பிள்ளைகள் எத்தனையோ, முதல் ஐந்து நிமிடத்தில் வந்து விழுந்து கேட்பார்கள், என்ன டீச்சர் பிசிறடிக்குது என்று நாளைக்கு வகுப்பில் ஒருத்தி கேட்டால் போதும். சரி, ஃபைல் கெட்டுப்போச்சு என்று சொல்லலாம், அப்லோடு பண்ணும்போது ஆகிருச்சு என்று. யாருக்குத் தெரியும். பதினாறாவது சுற்று. பந்தை அமுக்கினால் காரணம் சொல்லவேண்டும், காரணம் சொன்னால் ஷஃபிக்குத் தெரியும், ஈஸ்வரிக்குத் தெரியும், அப்புறம் எல்லோருக்கும் தெரியும், காதே இல்லாத டிஜே, எவன் கூப்பிடுவான். சொல்லாவிட்டால் நான் மட்டும் வைத்துக்கொள்ளலாம், இந்தக் குழாய் மாதிரி ஒன்றில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டுக்கும் பயந்துகொண்டு. இன்னொன்றும் இருக்கிறது. வெளியே போய்விட்டால் திரும்ப இதற்குள் வந்து படுக்கத் தைரியம் வராது, எனக்கு என்னைத் தெரியும், நாளைக்கு என்பேன், அடுத்த வாரம் என்பேன், உள்ளே என்ன வளர்கிறதோ அது வளரட்டும் என்று விட்டுவிடுவேன். இருபத்து நாலாவது சுற்று. ஒரு டீச்சர் பாடுவதை விட்டுவிட்டாள். தொண்டை கட்டியிருக்கும் என்று சொன்னேனே, சொல்லும்போதே தொண்டை கட்டவில்லை என்று தெரியுமே. முப்பத்திரண்டு வரை பார்ப்போம். முப்பத்திரண்டு வந்தது, ஒன்றும் மாறவில்லை. பந்தை அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

"என்னாச்சுங்க சார்? மூச்சு முட்டுதுங்களா? பாதிக்கு மேல முடிஞ்சுதுங்களே." மூச்செல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க, ஒரு பாட்டை நிறுத்தோணும் என்றேன். பின்பக்கம் நாடா கட்டிய ஆஸ்பத்திரி அங்கியோடு வெளி ஹாலுக்கு ஓடினேன். நாற்காலி வரிசையில் முப்பது பேராவது இருப்பார்கள். ஷஃபி எழுந்து நின்றான். "டேய், என்னடா அதுக்குள்ள?" "நிறுத்துடா. பாட்டை நிறுத்து. மணி என்ன?" "அஞ்சுக்கு ரெண்டு நிமிசம். ஏன்டா?" "நிறுத்திட்டுக் கேளு." தட்டினான், போனைத் திருப்பிக் காட்டினான், நின்றுவிட்டது. என் போனை வாங்கி ஈஸ்வரிக்குப் போட்டேன், இடது கையில் எடுத்த போனைப் பாதியில் வலது காதுக்கு மாற்றினேன். ஏழெட்டு மணி அடித்த பிறகு எடுத்தாள். "ஈஸ்வரி, நீங்க பாடுனது சரிங்க. என் காதுலதான் கோளாறு. இடது காது எறக்கிக் கேக்குது, இப்பத்தான் தெரிஞ்சுது. பாட்டை நிறுத்திட்டேன்." மறுபக்கம் பிள்ளைகள் சத்தம், பிறகு ஒரு கதவு சாத்துகிற சத்தம். "அன்னிக்கு மூணு பேரு முன்னாடி சொன்னீங்க." "ஆமாங்க." "இப்ப எங்க இருக்கீங்க?" "ஆஸ்பத்திரி ஹால்ல." "ஆளுங்க இருக்காங்களா?" "இருக்காங்க. ஷஃபியும் இருக்கான்." "போனை ஸ்பீக்கர்ல போடுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொல்லுங்க." போட்டேன். அங்கியின் நாடாவை ஒரு கையால் பின்னால் பிடித்துக்கொண்டு, ஈஸ்வரி பாடியது சரி, தப்பாகக் கேட்டது நான் என்று உரக்கச் சொன்னேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பேப்பரை இறக்கினார். ஒரு அம்மாள் குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டாள். "சொல்லிட்டீங்கல்ல. இப்பவும் எறங்குதான்னு கேளுங்க" என்றாள் ஈஸ்வரி, கோபம் தணிந்த குரலில்லை அது, கோபத்தோடேயே முதல் வரியைப் பாடினாள். அந்தச் சின்ன ஸ்பீக்கரிலிருந்து எனக்கு இரண்டு ஈஸ்வரி வந்தார்கள், ஒருத்தி மேலே, ஒருத்தி துளி கீழே, எவள் நிஜம் என்று என்னால் சொல்லமுடியவில்லை. ஷஃபியின் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். "சரியா நிக்குதாடா?" என்று கேட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு ஆளிடம் நான் அப்படிக் கேட்டதில்லை. "நிக்குதுடா" என்றான்.